பேசியவர் இருவர், பதிவு யாருக்கு?

பாங்கிக்கோ, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கோ, செல்போன் கம்பெனிக்கோ இன்று டெலிபோன் செய்கிற எவரும் முதலில் கேட்பது மனிதக் குரலை அன்று. ஓர் அறிவிப்பையே கேட்கிறார். சேவையின் தரத்தை உயர்த்தும் பொருட்டும், சிப்பந்திகளின் பயிற்சியின் பொருட்டும் இந்தச் சம்பாஷணை பதிவு செய்யப்படலாம் என்பது அதன் சாரம். கேட்பவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் இதுவும் ஒரு சடங்கு என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார். ஆனால், அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒரு பெரிய உரிமைப் பிரச்னை அடங்கிக் கிடக்கிறது. பேசப் போகிறவர்கள் இருவர். பதிவோ ஒருவர் கைக்கே போகிறது. நாளை விவகாரம் என்று வந்தால் அந்தப் பதிவு யாருக்காகப் பேசும்? யாருடைய சௌகரியத்துக்காக மௌனம் சாதிக்கும்?

இஃது அற்ப விஷயம் என்று நேயர்கள் நினைத்துவிடலாகாது. டெலிபோனில் சொல்லப்படும் ‘ஆம்’ என்ற ஒரு சொல்லினால் இன்று கடன் ஏற்படுகிறது, பாலிஸி பிறக்கிறது, பங்குகள் கை மாறுகின்றன. கையெழுத்து இருந்த இடத்தில் குரல் வந்து உட்கார்ந்துவிட்டது. கையெழுத்துப் பத்திரத்துக்கு நகல் உண்டு. கிரயப் பத்திரத்தின் நகல் வேண்டுமென்றால் ரிஜிஸ்திரார் கச்சேரியில் மனுப்போட்டு வாங்கிக்கொள்ளலாம். குரலால் எழுதிய பத்திரத்துக்கு மட்டும் நகல் இல்லையென்றால் அது எந்த ஊர் நியாயம்? பதிவு செய்வதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இருப்பது நன்றே. அந்தச் சாட்சி ஒரு கட்சிக்காரரின் பூட்டிய அறைக்குள் அடைபட்டுக் கிடப்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

இதை நன்கு ஆராய வேண்டுமானால், பதிவு என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். யந்திரத்தின் இயல்பை அறியாதவருக்கு அதன்மேல் தமக்குள்ள பாத்தியதையைக் கேட்கவும் தெரியாது.

கம்பெனிக்காரர்களே அஞ்சிய யந்திரம்

அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் டெலிபோனுக்குப் பேடண்ட் பெற்றது 1876-ல். அடுத்த ஆண்டே தாமஸ் எடிஸன் போனோகிராபைக் கண்டுபிடித்தார். அந்த யந்திரத்தினால் விளையக்கூடிய பிரயோஜனங்களை 1878-ல் அவர் வரிசைப்படுத்தி எழுதியபோது, டெலிபோனில் பேசுவதை நிலையாகப் பதிந்து வைத்துக்கொள்வதையும் ஒன்றாகச் சேர்த்தார். எனவே, டெலிபோன் பேச்சைப் பிடித்து வைக்க வேண்டுமென்ற ஆசை ஏறக்குறைய டெலிபோனுடனேயே பிறந்தது எனலாம்.

அந்த ஆசையை உருவாக்கிக் காட்டியவர் டென்மார்க் தேசத்து வால்டெமார் பௌல்ஸன். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர், 1898-ல் எஃகுக் கம்பியின்மேல் காந்த சக்தியினால் குரலைப் பதிக்கும் ‘டெலிகிராபோன்’ என்னும் கருவியை அமைத்தார். 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் அதைப் பார்த்து உலகம் வியந்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோஸப் அன்று அதில் பேசிய சில வார்த்தைகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. பிற்காலத்து டேப் ரிக்கார்டருக்கு மூலபுருஷன் அந்தக் கம்பியே.

இதன் பின் நடந்த ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த கிளாரன்ஸ் ஹிக்மன் என்பவர் 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் காந்த நாடாவில் டெலிபோன் பேச்சைப் பதியும் நல்ல கருவிகளைச் செய்தார். ஆனால், அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவர டெலிபோன் கம்பெனியின் நிர்வாகிகள் துணியவில்லை. தாம் பேசுவது பதிவாகிறது என்று தெரிந்தால் வியாபாரிகள் டெலிபோனைத் தொடவே மாட்டார்கள் என்பது அவர்களுடைய பயம். பிறகு 1947-ல் அந்நாட்டுத் தகவல் கமிஷன் ஒரு சமரசம் கண்டது. பதிவு நடக்கிறதென்றால் பதினைந்து விநாடிக்கு ஒரு முறை கம்பியில் ஒரு ‘கீச்’ ஒலி கேட்க வேண்டும் என்று விதித்தது. மணி கட்டிய பூனை எலிக்குத் தெரியாமல் வராது என்பதே அந்த விதியின் தத்துவம். இன்று நாம் கேட்கும் அறிவிப்பு அந்த மணியின் வாரிசு. ஆனால், மணியோசை கேட்டுவிட்டதனாலேயே எலிக்கு உரிமை வந்துவிட்டதாக ஆகுமா?

பதிவு நடக்கும் விதம்

முன் காலத்தில் பதிவு செய்யும் முறை எளியது. டெலிபோன் லைனின் இரண்டு கம்பிகளின் குறுக்கே இன்னொரு ஜோடிக் கம்பியை இணைத்து, பேச்சின் மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியை நாடா யந்திரத்துக்குத் திருப்பி விடுவார்கள். பேசுகிறவர் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரே நாடாவில் பல தடங்கள் வகுத்துப் பல லைன்களை ஒருங்கே பதிவதும் உண்டு.

பிறகு குரல் எண்ணாக மாறியது. ஒரு விநாடியில் எழும் ஒலியலையை 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட் எண்ணாக எழுதிவிடுவது டெலிபோன் உலகத்தின் பொது வழக்கம். இந்த முறைக்கு அடிகோலியவர் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். 1937-ல் அவர் இதைக் கண்டார். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரிய ஆபீஸ்களுக்கு வரும் டிஜிட்டல் லைன் ஒன்றில் ஒரே சமயத்தில் 30 சம்பாஷணைகள் ஓடும். அந்த லைனோடு பதிவு யந்திரத்தை இணைத்துவிட்டால் முப்பதும் தனித்தனியே பதிவாகிவிடும்.

இன்றைய நிலை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஆபீஸ்களில் குரல் இப்பொழுது இண்டர்நெட் வழியிலேயே செல்கிறது. பேச்சு, ஒரு விநாடிக்கு ஐம்பது சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண்ணும் கால முத்திரையும் இருக்கும். அப்பொட்டலங்கள் கடந்து செல்லும் சந்திப்பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலெடுத்துப் பதிவு யந்திரத்துக்கு அனுப்பும்படி கட்டளையிட்டு வைக்கிறார்கள். பதிவு யந்திரம் வரிசை எண்ணைப் பார்த்து அவற்றைக் கோத்து, பேச்சாக்கி வைத்துக்கொள்கிறது. வழியில் எவரும் ஒட்டுக்கேளாதபடி குரலைப் பூட்டி அனுப்பும் இடங்களில் இந்த யுக்தி பலியாது. அங்கே, ஆபீஸின் வாசல் காக்கும் கருவியே ஒரு பிரதியைப் பதிவு சர்வருக்குக் கொடுத்துவிடுகிறது. இதற்கென்றே உலகப் பொது முறை ஒன்று 2016-ல் வகுத்து வெளியிடப்பட்டது.

குரலோடு மாத்திரம் பதிவு முடிவதில்லை. கூப்பிட்டவர் நம்பர், பேசிய சிப்பந்தியின் அடையாளம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடுவில் எத்தனை விநாடி காத்திருக்கச் செய்தார்கள் என்பன யாவும் கூடவே எழுதப்படுகின்றன. நல்ல முறைகளில் வாடிக்கைக்காரர் குரல் ஒரு தடத்திலும் சிப்பந்தியின் குரல் மற்றொரு தடத்திலும் தனித்தனியே இருக்கும். யார் எதைச் சொன்னார் என்பதில் சந்தேகத்துக்கு இடமிராது. கிரெடிட் கார்டின் பின்புறத்து ரகசிய எண்ணைச் சேமித்து வைக்கலாகாது என்பது கார்டு கம்பெனிகளின் கண்டிப்பான விதியாதலால், அந்த எண்ணைச் சொல்லும் தருணத்தில் பதிவைச் சற்றே நிறுத்தி, பிறகு தொடரவும் ஏற்பாடு உண்டு. பதிவு முடிந்ததும் அதற்கு ஒரு கணித முத்திரை இடலாம். பின்னால் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாமற் போகும்.

இவ்வளவையும் நாம் விவரித்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. தேதியும் நேரமும் நம்பரும் சேர்ந்தே பதிவாவதால், லட்சம் பதிவுகளுக்கு நடுவிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது இன்று மலையைக் கல்லி எலி பிடிக்கும் வேலை அன்று. சில நிமிஷத்து வேலை.

இடமில்லை என்ற சாக்கு

வாடிக்கைக்காரர் பதிவைக் கேட்டால் வழக்கமாக வரும் சமாதானங்கள் இரண்டு. பழைய பதிவுகளை வைத்துக்கொள்ள இடம் போதாது என்பது ஒன்று. ‘ரகசியம்’ என்பது மற்றொன்று. முதற் சமாதானத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

விநாடிக்கு 8,000 பைட் என்றால், ஒருவர் குரலுக்கு ஒரு நிமிஷத்துக்கு 4,80,000 பைட் ஆகிறது; இருவர் குரலுக்கும் ஒரு மணி நேரத்துக்கு 5 கோடியே 76 லட்சம். பேச்சுக்கென்றே ஏற்பட்ட சுருக்கு முறையொன்றைக் கொண்டு இதை எட்டில் ஒரு பங்காகக் குறைத்துவிட முடியும். அப்பொழுது மணிக்கு 72 லட்சம் பைட்டே செல்லும். இன்று கடைத்தெருவில் விற்கும் ஒரு டெராபைட் டிஸ்க் கொள்வது லட்சம் கோடி பைட். அதாவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியில் 1,30,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சு அடங்கிவிடும். இரவு பகல் ஓயாமல் ஒருவர் பதினைந்து ஆண்டு பேசினாலும் அது நிரம்பாது. ஒரு கடன்காரருடைய பத்து நிமிஷப் பேச்சை வைத்துக்கொள்ள இடமில்லையென்று கோடிக்கணக்கான மூலதனமுடைய ஸ்தாபனம் சொல்லுமானால், குறைவு இடத்தில் அன்று, மனத்தில்.

பதிவு சாட்சி சொன்ன ஒரு வழக்கு

இரண்டாவது சமாதானத்துக்கு வருவோம். கம்பெனியின் ரகசியம் என்பது எத்தகையதாக இருக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயமே போதிய திருஷ்டாந்தம்.

என்ரான் என்ற பிரம்மாண்டமான கம்பெனி மின்சாரத்தைப் பங்குபோல வாங்கி விற்று வந்தது. அதன் மேற்குப் பிரதேச வியாபாரம் ஆரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்து நகரில் நடந்தது. டெலிபோனிலேயே பேரம் முடிவதால், பின்னால் தகராறு வராதிருக்கும் பொருட்டு அங்கே பேச்சுக்கள் வழக்கமாகப் பதிவு செய்யப்பட்டு வந்தன. 2000, 2001-ம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் மின்சார விலை விஷம்போல் ஏறியது. ஊர்கள் முறைவைத்து இருளில் மூழ்கின. 2001 டிசம்பரில் என்ரானே திவாலாயிற்று.

அதன் பிறகுதான் வேடிக்கை. வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்னோஹோமிஷ் என்ற ஜில்லாவில் பொதுஜனங்களுக்குச் சொந்தமான ஒரு மின்சார ஸ்தாபனம் இருக்கிறது. என்ரானிடம் அதிக விலைக்குச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அது ரத்து செய்துவிட்டது. அதற்காக, திவாலான கம்பெனியின் சார்பில் சுமார் 12 கோடி டாலர் கேட்டு அதன்மேல் வழக்கு வந்தது. மோசடியில் பிறந்த ஒப்பந்தத்துக்கு நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று அச்சிறு ஸ்தாபனம் எதிர்த்து நின்றது. மோசடிக்கு ருஜு எங்கே? சர்க்கார் விசாரணைக்காரர்களின் கைக்குப் போயிருந்த என்ரானின் சொந்த டெலிபோன் பதிவுகளிலேயே இருந்தது! ஸ்தாபனத்தார் அந்நாடாக்களைக் கேட்டு வாங்கி, ஆள் வைத்துக் கேட்கச் செய்து, எழுதுவித்து, 2004-ல் உலகறிய வெளியிட்டார்கள்.

நாடாக்கள் சொன்னது என்ன? கலிபோர்னியாவின் ஏழை மூதாட்டிகளிடமிருந்து பணம் பறித்ததைப் பற்றி வியாபாரிகள் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொண்டது வெளிவந்தது. 2005-ல் வெளியான மற்றொரு பதிவில், ஏதேனும் ஒரு காரணத்தைக் கற்பித்து ஆலையை நிறுத்தி வைக்கும்படி லாஸ் வேகாஸிலிருந்த மின்சார ஆலைக்காரரிடம் ஒரு வியாபாரி சொல்வது கேட்டது. ஆலை நிறுத்தப்பட்ட 2001 ஜனவரி 17-ம் தேதியன்றுதான் வட கலிபோர்னியாவில் தட்டுப்பாட்டினால் மின்சாரத்தை முறைவைத்து வெட்டினார்கள்.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் யாது? அந்தப் பதிவுகளைச் செய்தது என்ரான்; தன் நன்மைக்காகவே செய்தது. அவை அதன் பெட்டியிலேயே இருந்திருந்தால் ரகசியமாகவே மடிந்திருக்கும். எதிர்க்கட்சியின் கைக்கு வந்த பிறகே அவை சத்தியம் பேசின. பதிவு யந்திரம் பக்ஷபாதம் அறியாது; அதன் சாவியை வைத்திருப்பவர்தான் அதற்குப் பக்ஷபாதத்தைக் கற்பிக்கிறார்.

நமது தேசத்துச் சட்டம்

நமது கோர்ட்டுகள் குரற்பதிவை அலட்சியம் செய்ததில்லை. பம்பாயின் கொரோனர் ஒருவர் லஞ்சம் கேட்ட மல்கானி வழக்கில், டெலிபோனில் பேசிய இருவரில் ஒருவர் சம்மதத்தோடு போலீஸார் செய்த பதிவு செல்லும் என்று 1972-ல் ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. குரல் இன்னாருடையது என்பது தெளிவாக வேண்டும், திருத்தத்துக்கு இடமிருக்கலாகாது, பதிவு பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை 1985-ல் ராம் சிங் வழக்கில் வகுத்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும், அதில் மேலே சொன்ன கணித முத்திரையின் எண்ணும் இருக்க வேண்டுமென்கிறது.

சான்றிதழ் கொடுக்க வேண்டியவரே எதிர்க்கட்சியாக இருந்து மறுத்தால் என் செய்வது? இதற்கும் வழி உண்டு. 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில், சான்றிதழ் மறுக்கப்பட்டவர் கோர்ட்டையே அணுகி உத்தரவு பெறலாம் என்று ஸுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. அன்றியும், நுகர்வோர் கமிஷன்களுக்குத் தஸ்தாவேஜுகளை ஆஜர்செய்யச் சொல்லும் அதிகாரத்தை 2019-ம் ஆண்டுச் சட்டம் அளித்திருக்கிறது. தன் கையிலுள்ள சாட்சியத்தை ஒருவர் காட்டாமல் மறைத்தால், அது காட்டப்பட்டால் அவருக்கே பாதகமாக இருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம் என்னும் பழைய நியதியும் புதுச் சட்டத்தின் 119-வது பிரிவில் நிலைத்து நிற்கிறது.

பங்கு மார்க்கெட்டை மேற்பார்க்கும் செபி, 2018 மார்ச்சில் ஒரு நல்ல காரியம் செய்தது. வாடிக்கைக்காரர் உத்தரவிட்டதற்கு எழுத்து, டெலிபோன் பதிவு, மின்னஞ்சல் முதலிய ஏதேனும் ஓர் அத்தாட்சி இருந்தாலன்றி அவர் பெயரில் வியாபாரம் செய்யலாகாது என்றும், தகராறு வந்தால் ருஜுப்பிக்கும் பாரம் தரகரைச் சார்ந்தது என்றும் கட்டளையிட்டது. கடன் வசூல் ஏஜெண்டுகளின் பேச்சுக்களைப் பதிவு செய்யும்படி ரிசர்வ் பாங்கி 2008-லேயே பாங்கிகளுக்குச் சொல்லிற்று. கடன்காரரை மிரட்டுவோரின் வாயை அடக்க இதைவிடச் சிறந்த கடிவாளம் வேறில்லை.

ஆனால், இவையெல்லாம் ஒரு துறைக்கு ஒரு விதமாகச் சிதறிக் கிடக்கின்றன. எல்லாத் துறைக்கும் பொதுவாக வந்த சட்டம் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிரஜைகளின் உரிமைகளைக் கூறும் பகுதிகளுக்குப் பதினெட்டு மாதத் தவணை வைத்திருக்கிறார்கள். அதில் நமக்கு அளிக்கப்பட்டிருப்பது என்ன? நம்மைப் பற்றிய தகவலின் ‘சுருக்கத்தை’ப் பெறும் உரிமை! வழக்காடும் மன்றத்தில் சுருக்கம் எதற்கு உதவும்? பத்திரத்தைக் கேட்டவனிடம், ‘உன்னிடம் கடன் வாங்கிய விஷயமாக ஒரு பத்திரம் எங்களிடம் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்புவதற்கு ஒப்பாகும் அது.

ஐரோப்பிய நாடுகளைப் பாருங்கள். 2018 ஜனவரியில் அங்கே அமலான முதலீட்டு விதிகளின்படி, வாடிக்கைக்காரர் உத்தரவுகள் சம்பந்தமான டெலிபோன் பேச்சுக்களைப் பதிவு செய்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் கோரினால் ஏழு ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். அதே ஆண்டு மே மாதம் அமலான தகவல் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலின் நகலைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. சுருக்கம் வேறு, நகல் வேறு. வித்தியாசம் ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் நியாயம் முழுவதும் இருக்கிறது.

குரலின் மற்றோர் உபயோகம்

குரற்பதிவு வழக்குக்கு மட்டும் உதவுவது என்றால் கவலை குறைவு. இன்று யந்திரங்கள் அப்பேச்சை எழுத்தாக மாற்றி, குறிப்பிட்ட சொற்களைத் தேடி, பேசியவர் கோபித்தாரா, தயங்கினாரா என்றெல்லாம் ஆராய்கின்றன. கைரேகையைப்போல் குரலையும் ஆளுக்கு அடையாளமாகக் கொள்ளலாம். பிரிட்டிஷ் வரி இலாகா அவ்வாறு தன்னிடம் பேசியவர்களின் குரல் அடையாளங்களைச் சேகரித்துக்கொண்டே போயிற்று. முறைப்படி சம்மதம் பெறவில்லை என்று கண்ட தகவல் கமிஷனர், 2019-ல் சுமார் 50 லட்சம் பேரின் குரல் அடையாளங்களை அழிக்கும்படி செய்தார். பயிற்சிக்காக என்று சொல்லி எடுத்த பொருள் வேறெதற்கெல்லாம் போகக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை. கம்பெனிக்கு நமது குரலைப் பத்து விதமாகத் துருவிப் பார்க்க நேரமும் யந்திரமும் உண்டு. நமக்கு ஒரு நகல் கொடுக்க மட்டும் இல்லை!

‘நீங்களே பதிந்துகொள்வதுதானே?’ என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கதவும் முழுவதும் திறந்து இல்லை. தம் செல்போனில் தாமே பேச்சைப் பதிந்துகொள்ள ஜனங்கள் உபயோகித்து வந்த பல செயலிகளுக்கு 2022 மே மாதத்தில் கூகிள் கம்பெனி வழியடைத்தது. ஐபோனில் அவ்வசதி வந்ததே 2024-ல்தான். அதுவும் எதிராளிக்கு அறிவித்துவிட்டே பதியும். அறிவித்துப் பதிவது நேர்மையே. ஆயினும், எல்லாரிடமும் அத்தகைய கருவி இல்லை. பெரிய ஸ்தாபனம் தானாகவே எல்லாவற்றையும் பதியும்போது, கிராமத்துக் குடியானவர் ஒவ்வொரு முறையும் பொத்தானைத் தேட வேண்டுமென்பது சம நியாயம் ஆகாது.

சிப்பந்தியின் அந்தரங்கம் கெடும் என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. உண்மையில், நகல் உரிமை சிப்பந்திக்கும் அரணே. வசை பொழியும் வாடிக்கைக்காரரிடமிருந்தும், கீழ்ச்சிப்பந்தியின்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும் மேலதிகாரியிடமிருந்தும் அவரைக் காப்பது அப்பதிவுதான். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும் அவர் நமது சத்துரு அல்லர். சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதே கேள்வி.

நமது கோரிக்கை

ஆகவே, சட்டம் செய்வோர் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. வியாபார ஸ்தாபனம் பதிவு செய்த பேச்சின் முழு நகலை, பேசியவர் கேட்டால் குறித்த காலத்துக்குள் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்துக்கோ கொடுக்க வேண்டும். தகராறு எழுந்தது தெரிந்த பின் அது தீரும் வரையில் பதிவை அழிக்கலாகாது. டெலிபோனிலேயே ஒப்பந்தம் செய்துகொள்கிற ஸ்தாபனம் பதிவைக் காட்டவில்லையேல், ஒப்பந்தத்தை ருஜுப்பிக்கும் பாரம் அதையே சார வேண்டும். பங்குத் தரகருக்குப் பொருந்தும் நீதி கடன் கொடுப்பவருக்கும் பாலிஸி விற்பவருக்கும் ஏன் பொருந்தலாகாது? எந்த நோக்கத்துக்காகப் பதிவு செய்வதாகச் சொன்னார்களோ, அதற்குப் புறம்பான காரியத்துக்கு அதை உபயோகிக்கலாகாது.

சட்டம் வரும் வரையில் நமது நேயர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஸ்தாபனங்களுடன் டெலிபோனில் பேசும்போது தேதி, நேரம், பேசிய நம்பர், சிப்பந்தியின் பெயர், புகார் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தகராறு தோன்றிய உடனே, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் நடந்த பேச்சின் பதிவை அழிக்காமல் வைத்து நகல் தர வேண்டுமென்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். அக்கடிதத்துக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தால் நல்லது. மறுத்தால், அந்த மறுப்பே நுகர்வோர் கமிஷனில் உங்களுக்கு முதற் சாட்சியாகும். நீங்களே பதிந்திருந்தால் அந்தச் செல்போனை மாற்றாமலும், பதிவை வெட்டாமலும் காப்பாற்றுங்கள். ஊர்தோறும் உள்ள சங்கங்களும் வாசகசாலைகளும் இதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அவர்களுக்காக நோட்டில் குறித்து, கடிதம் எழுதிக் கொடுப்பது படித்தவர் கடமை.

உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் முதலில் பிறப்பதன்று; பலர் கேட்ட பிறகே சட்டம் அதை எழுதிக்கொள்கிறது. எந்தப் பெட்டியில் நமது குரல் இருக்கிறதோ, அந்தப் பெட்டிக்கு இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அது நமக்குச் சொந்தமானது. கேட்போம்.